டேட் சொல்லு டேட் சொல்லுன்னு உயிர வாங்காதீங்க

ராக்ஸ்டார் கம்பெனியோட ஜிடிஏ 6 கேம் ரிலீஸ் ரெண்டாவது தடவ தள்ளிப்போனதுல இருந்து டைம்லைன் பூரா ஒரே ஒப்பாரி. மொதல்ல 2025ன்னாங்க, அப்புறம் 2026 மே 26ன்னாங்க, 2025 நவம்பர்ல அதையும் தூக்கி 2026 நவம்பர் 19ல வெச்சுட்டாங்க. கடுப்பாகுறது நியாயந்தான், இல்லன்னு சொல்லல. ஜிடிஏ 5 வந்தது 2013 செப்டம்பர்ல, அப்ப ஸ்கூல் யூனிஃபார்மோட சுத்துன பசங்க எல்லாம் இப்ப இஎம்ஐ கட்டிட்டு இருக்கானுங்க. ஆனா ராக்ஸ்டார் என்ன போட்டாலும் கீழ போயி "ஏமாத்துக்காரனுங்களா"ன்னு கமெண்ட் போடுறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும், அந்த கேமுக்கு நீங்க இன்னும் அஞ்சு பைசா குடுக்கலயே மக்களே, எதுல ஏமாந்தீங்க?

ஒரு கேமுக்காக ஆசையா காத்திருக்கிறது வேற, டேட் கேட்டு நச்சரிக்கிறது வேற. மொதல்ல சொன்னது சுகம். ரெண்டாவது சொன்னதால யாருக்கும் எந்தப் புண்ணியமும் இல்ல, கேம்தான் கெட்டுப்போகும். இத நான் சும்மா அடிச்சு விடல, சில்க்சாங்னு ஒரு கேமுக்கு நடந்த வெயிட்டிங்க முழுசா பாத்தவன்கிற முறையில சொல்றேன்.

தெரியாதவங்களுக்கு: ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுன்னு ஒரு ஊரு, அங்க டீம் செரின்னு ஒரு குட்டி டீம், முக்கியமானவங்கன்னு பாத்தா ஆரி கிப்சன், வில்லியம் பெல்லன், ஜாக் வைன்னு மூணே பேரு. 2014ல ஜனங்ககிட்ட காசு திரட்டுற கிக்ஸ்டார்ட்டர் சைட்ல 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டாங்க, 57,000 வந்துச்சு, அத வெச்சு 2017ல ஹாலோ நைட்னு ஒரு கேம் விட்டாங்க. பூச்சிங்க வாழ்ற, அழிஞ்சுபோன ஒரு ராஜ்ஜியம், கையால வரைஞ்ச படம், செத்து செத்து வெளாடணும். போகப்போக வாய்வழியாவே பரவி ஒன்றரைக் கோடி காப்பி வித்துச்சு. ஹார்னெட்ங்கிற கேரக்டர வெச்சு வெளாடுற மாதிரி ஒரு டிஎல்சி, அதாவது அதே கேமுக்கு எக்ஸ்ட்ரா பகுதி, தர்றோம்னு கிக்ஸ்டார்ட்டர் டைம்லயே வாக்கு குடுத்திருந்தாங்க, அது வளந்து வளந்து டிஎல்சில அடங்காம தனி கேமாவே ஆயிடுச்சு, அதுக்கு சில்க்சாங்னு பேர் வெச்சு 2019 பிப்ரவரி 14 அன்னிக்கு அறிவிச்சாங்க. அந்த வருஷமே ஈ3ங்கிற கேம் கண்காட்சில டெமோ வெளாடவும் விட்டாங்க. எல்லாரும் அடுத்த வருஷம் வந்துரும்னு நெனச்சோம்.

வரல. 2020 வரல, 2021 வரல. எப்பவாச்சும் ஒரு பிளாக் போஸ்டு, ஒரு மேகசின் அட்டைப்படம், மத்தபடி கப்சிப். 2022 ஜூன்ல எக்ஸ்பாக்ஸ் ஷோல ஒரு ட்ரெய்லர் வந்துச்சு, இந்த ஷோல காட்டுனது எல்லாமே 12 மாசத்துக்குள்ள வெளாடலாம்னு மைக்ரோசாஃப்ட் சொல்லுச்சு, மொத்த கூட்டமும் குதிச்சுது. 2023 மே மாசம் மேத்யூ கிரிஃபின், டீம் செரியோட மார்க்கெட்டிங் ஆளு, வந்து கேம் ரொம்ப பெருசாயிடுச்சு இன்னும் வேலை நடக்குதுன்னு ஒரு ட்வீட் போட்டுட்டுப் போனாரு. மறுபடி கப்சிப். கவனிச்சீங்கன்னா அதுவரைக்கும் டைம் சொன்னது அந்த 12 மாசக் கணக்கு மட்டும்தான், அந்த ஒண்ணுதான் அவங்களையும் மாட்டி விட்டுச்சு.

இந்த ஆறரை வருஷத்துல ஃபேன்ஸ் பண்ண கூத்து இருக்கே, அதுக்கே தனியா டிக்கெட் போடலாம். யூடியூப்ல ஒரு சேனல், தினமும் ஒரு வீடியோ, இன்னிக்கு சில்க்சாங் பத்தி நியூஸ் எதுவும் இல்லன்னு சொல்றது மட்டும்தான் வேலை, அதையும் ஆயிரக்கணக்குல உக்காந்து பாத்தோம். நிண்டெண்டோ டைரக்ட்னு புது கேம் அறிவிக்கிற ஆன்லைன் ஷோ ஒண்ணு, அது ஒவ்வொண்ணுக்கு முன்னாடியும் நம்மள நாமே கோமாளியாக்கிக்கிற ஜோக்கர் மேக்கப் மீம், முடிஞ்சதும் அழுற மீம். ரெட்டிட்ல பொய் நியூஸ் போட்டு ஒருத்தன ஒருத்தன் ஏமாத்துறது ஒரு கலையாவே வளந்துச்சு. உச்சகட்டம் 2025 ஜனவரி. பெல்லன் ட்விட்டர் ப்ரொஃபைல் படத்த ஒரு சாக்லேட் கேக்கா மாத்துனாரு, அவ்ளோதான், நம்ம ஆளுங்க அந்த கேக்கோட ரெசிபியத் தேடிப் புடிச்சு, அது வந்த தேதி ஏப்ரல் 2ன்னு கண்டுபுடிச்சு, நிண்டெண்டோவோட புது கன்சோல் ஸ்விட்ச் 2க்கான டைரக்டும் ஏப்ரல் 2தான்னு முடிச்சுப் போட்டு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதிட்டானுங்க. கடைசில கிரிஃபினே வந்து கேம் நெஜம்தான், வேலை போயிட்டு இருக்கு, ரிலீஸ் ஆகும்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. வேடிக்கை என்னன்னா அந்த ஏப்ரல் 2 டைரக்ட்ல சில்க்சாங் நெஜமாவே சில செகண்ட் வந்துச்சு, 2025னு போட்டு.

நம்ம ஊர்ல இதெல்லாம் புதுசா என்ன, 2021ல சேப்பாக்கம் டெஸ்ட்ல பவுண்டரில நின்னுட்டு இருந்த மொயின் அலிகிட்ட அஜித் பட அப்டேட் கேட்டவங்கதானே நாம. அஜித்தே அறிக்கை விட்டு கண்டிக்கிற அளவுக்குப் போச்சு அது.

சரி, டீம் செரி ஏன் வாய தொறக்கல? ரிலீசுக்கு முன்னாடி ப்ளூம்பெர்க் பத்திரிகைக்கு குடுத்த பேட்டில சொன்னாங்க, எங்கயும் மாட்டிக்கல, சண்ட இல்ல, கேம் செய்றது ஜாலியா இருந்துச்சு, புதுசு புதுசா ஐடியா வந்துச்சு, சேத்துக்கிட்டே போனோம்னு. சும்மா சும்மா வந்து இன்னும் வேலை நடக்குதுன்னு சொல்லிட்டே இருந்தா ஜனங்களுக்கு சலிச்சுரும்னுதான் பேசலையாம். படிச்சிட்டு எனக்கு சிரிப்பு வந்துச்சு, இங்க நாம தலைய பிச்சுக்கிட்டு இருந்தப்ப அவங்க அங்க குஷியா பூச்சி வரைஞ்சிட்டு இருந்திருக்காங்க. ஆனா யோசிங்க, அவங்களால ஏன் அப்படி இருக்க முடிஞ்சுது? ஹாலோ நைட் சம்பாதிச்ச காசு கையில இருக்கு, மேல முதலீட்டாளர் யாரும் இல்ல, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்ல.

இப்ப ஜிடிஏ பக்கம் வாங்க. ரெண்டாவது தடவ தள்ளிப்போன அறிவிப்பு 2025 நவம்பர் 6 அன்னிக்கு வந்துச்சு, ராக்ஸ்டாரோட தாய்க்கம்பெனி டேக் டூ காலாண்டு கணக்கு வெளியிட்ட அதே நாள். 2025 கடைசில வரும்னு 2024 மே மாசம் சொன்னதும் இதே மாதிரி கணக்கு சொன்னப்பதான். அந்த தேதி எல்லாம் உங்களுக்கும் எனக்கும் சொன்னது இல்ல ப்ரோ, ஷேர் வெச்சிருக்கவங்களுக்கு சொன்னது. நாம ஓரமா நின்னு ஒட்டுக்கேட்டுட்டு, நமக்கு குடுத்த சத்தியம் மாதிரி காலண்டர்ல வட்டம் போட்டுக்கிட்டோம்.

அப்படி சொன்ன தேதிய எப்படியாச்சும் புடிச்சே ஆகணும்னு ஓடுனா என்ன ஆகும்னு சைபர்பங்க் 2077ங்கிற கேம்ல பாத்தாச்சு. 2020 ஏப்ரல், செப்டம்பர், நவம்பர்னு மாறி மாறிப் போச்சு, கோல்டு ஆயிடுச்சு, அதாவது டிஸ்க் அடிக்க ரெடின்னு சொன்னதுக்கு அப்புறமும் ஒரு தடவ டிசம்பர் 10க்குத் தள்ளுனாங்க, அப்ப டெவலப்பர்களுக்கு கொலை மிரட்டல் வரைக்கும் வந்துச்சு. ஒரு கேம் மூணு வாரம் லேட்டுன்னா கொலை மிரட்டலாம், இவனுங்கள ஃபேன்னு சொல்லவே நாக்கு கூசுது. கடைசில 80 லட்சம் ப்ரீ ஆர்டரோட வந்துச்சு, பழைய ப்ளேஸ்டேஷன் 4ல ஓடவே முடியாத நெலம, ஒரு வாரத்துல சோனி ஸ்டோர்ல இருந்தே தூக்கிட்டு ரீஃபண்ட் குடுத்துச்சு. லேட்டானாலே தரமா வரும்னும் நான் சொல்லல, டியூக் நியூக்கம் ஃபாரெவர்னு ஒரு கேம் 1997ல அறிவிச்சு 2011ல வந்துச்சு, வந்த லட்சணம் ஊருக்கே தெரியும்.

சில்க்சாங்குக்கு வர்றேன். 2025 ஆகஸ்ட் 21, நம்ம நேரம் ராத்திரி 8 மணி, யூடியூப்ல வந்து செப்டம்பர் 4 ரிலீஸ்னாங்க. ரெண்டே வாரம்! வேலை முடிஞ்சுது, தேதி சொன்னாங்க, அவ்ளோதான். விலை வெறும் 20 டாலர். ரிலீஸ் அன்னிக்கு ஸ்டீம், நிண்டெண்டோ, ப்ளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ்னு எல்லா ஸ்டோரும் திணறுச்சு, ஸ்டீம்ல மட்டும் ஒரே நேரத்துல அஞ்சு லட்சம் பேருக்கு மேல வெளாடுனாங்க.

இதுலயும் அடிபட்டவங்க இருக்காங்க, அத மறைக்கக் கூடாது. திடீர்னு ரெண்டு வாரத்துல வர்றேன்னதும் அந்த நேரத்துல ரிலீஸ் வெச்சிருந்த சின்ன டீம்கள் எல்லாம் தெறிச்சு ஓடுச்சு, டெமன்ஸ்கூல்னு ஒரு கேம் செப்டம்பர் 3ல இருந்து நவம்பருக்கே போயிருச்சு, பேபி ஸ்டெப்ஸ்னு இன்னொண்ணு ரெண்டு வாரம் தள்ளி வந்துச்சு. அங்க யாருக்கும் மாசக்கணக்குல தாங்குற காசு இருக்காது. டீம் செரி ஒரு மூணு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாம்ங்கிறது என் கருத்து. அப்புறம் சீன மொழிபெயர்ப்பு சொதப்பல்னு ஸ்டீம்ல அங்க இருந்து நெகட்டிவ் ரிவ்யூ குவிஞ்சுது, கேம் ரொம்ப கஷ்டம்னு ஒரு கூட்டம் சண்ட போட்டுச்சு, ஆரம்பத்துல வர்ற சில பாஸ்கள, அதாவது பெரிய எதிரிங்கள, கொஞ்சம் ஈஸியாக்கி பேட்ச் விட்டாங்க. ஆறு வருஷம் கொண்டா கொண்டான்னு கேட்டவனுங்களே ஆறாவது மணி நேரத்துல கஷ்டமா இருக்குன்னு அழுதது தனி காமெடி.

ஜிடிஏ 6க்கு நானும்தான் வெயிட்டிங். அதுவும் பழைய ஜிடிஏ கேம்ல வந்த வைஸ் சிட்டிக்கே திரும்ப போறோம், பிரௌசிங் சென்டர்ல மணிக்கு 20 ரூபா குடுத்து, ஒரு மிஷன்கூட பண்ணாம, பேன்சர்னு சீட் கோடு டைப் பண்ணி டேங்க எறக்கி ஊர அடிச்சு நொறுக்குன நம்ம தலைமுறைக்கு இது சொந்த ஊருக்குப் போற மாதிரி. நவம்பர் 19ன்னு சொல்லிருக்காங்க, வந்தா வரட்டும், இன்னொரு தடவ தள்ளுனாலும் தள்ளட்டும். ப்ரீ ஆர்டர் மட்டும் பண்ணவே மாட்டேன், வந்து ஒரு வாரம் நாலு பேர் வெளாடுறத பாத்துட்டுதான் வாங்குவேன்.

அப்புறம் டீம் செரி 2025 டிசம்பர்ல சில்க்சாங்குக்கு புது எக்ஸ்பான்ஷன் ஒண்ணு அறிவிச்சிருக்காங்க, ஸீ ஆஃப் சாரோனு பேரு, ஃப்ரீ, 2026ல வருமாம். தேதி சொல்லல. ரெட்டிட்ல இப்பவே ஜோக்கர் மேக்கப்ப எடுத்து வெச்சுட்டானுங்க.