அன்றைக்கு நிலா இருந்ததா?

கைப்பேசியில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவன் ஒரு மொட்டைமாடிப் படத்தில் நின்றுவிட்டேன். மின்சாரம் போன இரவு, நாங்கள் நாலு பேர். படத்தில் எல்லார் முகமும் பளிச்சென்று இருக்கிறது, வானம் கருநீலம். ஆனால் அன்றைக்குப் பக்கத்தில் இருப்பது யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். இரவுப் படம் எடுக்கும்போது கைப்பேசி பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெளிச்சத்தை ஏற்றித் தருகிறது. சரி, அது அதன் வேலை. இப்போது அந்த இரவை நினைத்தால் எனக்கு இருட்டே வருவதில்லை, அதுதான் உறுத்துகிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போத்ரியார் பிம்பங்களைப் பற்றி 1981இல் எழுதியதை ‘எல்லாமே பொய்’ என்று சுருக்கி மீம் போட்டுவிடுகிறோம். அவர் சொன்னது அதைவிடச் சங்கடமான விஷயம். பொய் என்றால் பின்னால் உண்மை ஒளிந்திருக்கும், திரையை விலக்கினால் போதும். அவரோ பிம்பத்துக்கு நான்கு படிகள் சொல்கிறார்: முதலில் உண்மையைக் காட்டும், அப்புறம் திரிக்கும், பிறகு அங்கே உண்மையே இல்லை என்பதை மறைக்கும், கடைசியில் எதோடும் ஒட்டு உறவில்லாமல் தானே நிற்கும். என் மாடிப் படம் இரண்டாம் படியைத் தாண்டவில்லை. படம் நன்றாக வரும் என்பதற்காகவே ஓர் இடத்துக்குக் கிளம்புகிறோமே, அங்கே நாலாவதின் வாடை அடிக்கிறது.

ஈராக்கின் மீது அமெரிக்கக் கூட்டணி நடத்திய வளைகுடாப் போர் நடக்கவே இல்லை என்று அவர் 1991இல் எழுதியதில்தான் எனக்கு ஒட்டவில்லை. குண்டு விழவில்லை என்று அவர் சொல்லவில்லை. ஒருதலையான அழிப்பைப் போர் என்று திரையில் தொகுத்துக் காட்டினார்கள் என்கிறார். இருக்கட்டும். ஆனால் குண்டின் மூக்கில் இருந்த கேமராவின் படங்களை நினைத்துப் பாருங்கள். கட்டடம் நெருங்கி வரும், மோதிய நொடியில் படம் அறுந்துவிடும். அந்த வெற்றுத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தத்துவம் எதற்கு?

மாடிப் படத்தை அன்று கூட இருந்த நண்பனுக்கு அனுப்பினேன். “ஆமா, செம நிலா வெளிச்சம்ல அன்னைக்கு” என்றான். நிலாவே இல்லையே என்று தட்டச்சு செய்தேன். அனுப்புவதற்கு முன் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். அழித்துவிட்டேன்.