ஆணி கேட்ட ஏஜெண்ட்

ஏஜெண்டுகள், அதாவது தாமாகவே முடிவெடுத்துச் செயல்படும் கணினி நிரல்கள், பேரம் பேசுவது என்றாலே விலையை ஏற்றி இறக்குவதுதான் என்கிற மாதிரி உங்கள் கட்டுரை போகிறது. வாதம் வைத்துப் பேசும்போது எண்ணே இல்லாமலும் பேரம் படியும். 1998-இல் சைமன் பார்சன்ஸ், கார்லஸ் சியெரா, நிக் ஜென்னிங்ஸ் மூவரும் எழுதிய ஆய்வில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஓர் ஏஜெண்டுக்குப் படம் மாட்ட ஆணி வேண்டும். ஆணி இருப்பது இன்னொன்றிடம். அதுவோ கண்ணாடி மாட்ட வைத்திருக்கிறது. வெறுமனே 'தர முடியாது' என்றால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். காரணத்தையும் சொல்லிவிடுவதால் முதல் ஏஜெண்டுக்குப் பிடி கிடைக்கிறது: "கண்ணாடியை ஸ்க்ரூ போட்டும் மாட்டலாமே, ஸ்க்ரூவும் ஸ்க்ரூடிரைவரும் நான் தருகிறேன்." சரி என்று ஆணி கைமாறுகிறது. இரண்டாவது ஏஜெண்டின் திட்டமே மாறிவிட்டது, கவனியுங்கள்.

இப்படி வாதங்கள் மோதும்போது எது நிற்கும், எது விழும் என்று கணக்கிட 1995-இல் ஆய்வாளர் பான் மின் டுங் தந்த முறைதான் இன்றும் அடிப்படை. ஒரு வாதத்தைத் தாக்குகிற வாதங்களை எல்லாம் திருப்பித் தாக்க முடிந்தால் அது தப்பிக்கும்.

எதிராளி பொய்க் காரணம் சொன்னால் என்ன ஆகும்? இந்தத் துறையில் வில்லங்கமான இடம் அதுதான். அடுத்த பகுதியில் அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன்.