மெட் ஸ்கூல் பட்டியலும் என் கவுன்சிலிங் புத்தியும்

போன ஞாயிற்றுக்கிழமை எடிசனில் இருக்கும் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஓர் எக்செல் ஷீட் அனுப்பினார். அவர் மகன் இந்த ஜூனில் மெட் ஸ்கூல்களுக்கு, அதாவது இங்கே அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளுக்கு, விண்ணப்பிக்கிறானாம். மொத்தம் 38 பெயர். முதல் வரி ஹார்வர்ட். அப்புறம் ஹாப்கின்ஸ், ஸ்டான்ஃபோர்ட் என்று படியிறங்கி வந்து, நாங்கள் குடியிருக்கும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் 29-வது வரியில் நின்றது. "அண்ணா, ஆர்டர் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று கீழே ஒரு குறிப்பு.

ஆர்டர்! சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு ஷீட்டை என் மகளுக்காக நான் போட்டேன். அதில் அவளுக்கு ஒரு வருடம் போனது. எனக்கு நாலாயிரம் டாலர் சொச்சம் போனது. பணத்தை விடுங்கள், அந்த வருடம் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

இந்த 'ஆர்டர்' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1999-ல் என் கடைக்குட்டித் தம்பிக்குத் துணையாக அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கவுன்சிலிங்குக்குப் போனேன். திரையில் கல்லூரிப் பெயர்கள், பக்கத்தில் மிச்சமிருக்கும் இடங்கள். மதிப்பெண்ணில் நமக்கு மேலே இருப்பவர்கள் எடுத்தது போக மிச்சம் நமக்கு. இப்போது எம்.பி.பி.எஸ். சாய்ஸ் ஃபில்லிங் ஆன்லைனுக்கு வந்த பிறகும் அடிப்படை அதேதான். எம்.எம்.சி., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என்று ஆசைப்பட்ட வரிசையில் அடுக்கிக்கொண்டே போகலாம். கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டதால் கிடைக்கக்கூடிய கல்லூரி கைநழுவாது. ஐம்பதாவது பெயரைச் சேர்க்கத் தனிச் செலவும் கிடையாது. அதனால் ஊரில் பெரியவர்கள் சொல்லும் புத்திமதியும் சரியானதுதான்: "எல்லாத்தையும் போட்டு வை."

அந்தப் புத்திமதியை விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்ததுதான் என் தப்பு.

இங்கே ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு முறை பணம் கட்ட வேண்டும். ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் முதல் கல்லூரிக்கு 175 டாலர் அளவில், அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் நாற்பது டாலருக்கு மேல். அது முடிந்து ஜூலையில் 'செகண்டரி' வரத் தொடங்கும். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக அனுப்பும் கட்டுரைக் கேள்விகள். அதற்குப் பெரும்பாலும் இன்னொரு நூறு டாலர். எங்கள் கல்லூரி ஏன், நீ சந்தித்த சவால் என்ன, எங்கள் வகுப்புக்கு நீ என்ன கொண்டுவருவாய் என்று இரண்டு, மூன்று, சில இடங்களில் ஐந்தாறு கேள்விகள். இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்பினால் நல்லது, ஏனென்றால் பல கல்லூரிகள் வரும் விண்ணப்பங்களைப் படிக்கப் படிக்கவே நேர்காணலுக்கு அழைத்துவிடுகின்றன. செப்டம்பரில் அனுப்புபவனுக்குப் பந்தியில் கடைசி இலைதான்.

நான் போட்ட 31 பெயர்களில் 26 இடங்களிலிருந்து செகண்டரி வந்தது. நானும் என் மனைவியும் பெருமையாகக்கூட இருந்தோம். அப்புறம்தான் தெரிந்தது, பல கல்லூரிகள் விண்ணப்பித்த எல்லோருக்குமே அதை அனுப்புகின்றன என்று. மகள் அப்போது ஒரு கிளினிக்கில் ஸ்க்ரைப் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் நோயாளியிடம் பேசப் பேசக் குறிப்பு எழுதும் வேலை. சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவு வரை கட்டுரை. ஆகஸ்ட் நடுவில் ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். லேப்டாப் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஏற்கெனவே அனுப்பிவிட்ட கட்டுரையின் மூன்றாவது பத்தியில், "உங்கள் கல்லூரியின்" என்று இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு கல்லூரியின் பெயர். வெட்டி ஒட்டியதில் நின்றுபோனது. "அனுப்பிட்டேன்பா" என்றாள். அழவில்லை. அடுத்த கல்லூரியின் ஃபைலைத் திறந்தாள்.

அந்த வருடம் இரண்டு நேர்காணல், ஒரு வெயிட்லிஸ்ட். வெயிட்லிஸ்ட் கடைசி வரை நகரவில்லை.

அவள் மதிப்பெண் மோசமில்லை. எம்கேட் என்ற மெட் ஸ்கூல் நுழைவுத் தேர்வில் 512, ஜிபிஏ என்ற கல்லூரி மதிப்பெண் சராசரி 3.74. இங்கே எம்.டி. (நம் ஊர் எம்.பி.பி.எஸ். மாதிரி முதல் மருத்துவப் பட்டம்) தரும் கல்லூரிகளில் சேருபவர்களின் சராசரி எம்கேட் 511, 512-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் வருடத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து, 23,000 பேர் அளவில்தான் சேர்கிறார்கள். சராசரியில் இருக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் போட்டிக்குள் நுழைய ஒரு டிக்கெட், அவ்வளவுதான். அப்புறம் நடப்பதையெல்லாம் 'எங்கே விண்ணப்பித்தாய்' என்பது பெரிய அளவில் முடிவு செய்கிறது.

அதைப் பட்டியல் போட்ட எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னார்கள் என்பதுதான் உண்மை. மகளே சொன்னாள், நான் கேட்கவில்லை. உதாரணத்துக்கு, சியாட்டிலில் என் மைத்துனர் இருக்கிறார், அவர் வீட்டில் தங்கிப் படிக்கலாமே என்று யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டனைப் போட்டேன். அந்தக் கல்லூரி வாஷிங்டன், வயோமிங், அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ என்ற ஐந்து மாநிலங்களுக்காக நடக்கிறது. அலாஸ்காவிலும் வயோமிங்கிலும் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு மெட் ஸ்கூல் இல்லாததால் வந்த ஏற்பாடு. நியூ ஜெர்சிக்காரியை அவர்கள் எதற்கு எடுக்க வேண்டும்? மைத்துனர் வீட்டில் மாடியறை காலியாக இருக்கிறது என்பதற்காகவா?

இது ஒரு கல்லூரியின் கதை இல்லை. மாநில அரசு நடத்தும் மெட் ஸ்கூல்களுக்கு வேலையே தன் மாநிலத்துக்கு மருத்துவர்களை உருவாக்குவதுதான். மிசிசிப்பி பல்கலைக்கழகம் தன் மாநிலத்தாரைத் தவிர வேறு யாரையும் எடுப்பதில்லை. டெக்ஸஸில் அரசுக் கல்லூரிகள் வெளிமாநிலத்தாரைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. டாலஸில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு இது வரம். அவன் பையன் டெக்ஸஸுக்கென்றே இருக்கும் தனி விண்ணப்பத்தில் ஒரே கட்டணம் கட்டி, மாநிலத்தின் பெரும்பாலான கல்லூரிகளுக்கும் ஒரே வீச்சில் விண்ணப்பித்துவிட்டான். நாம் இங்கே உட்கார்ந்து அதே கல்லூரிகளுக்கு ஆசைப்பட்டால் மிச்சமிருக்கும் அந்தப் பத்துக்குள்தான் முட்டி மோத வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. வெர்மான்ட் சின்ன மாநிலம், தன் பிள்ளைகளை மட்டும் வைத்து வகுப்பை நிரப்ப முடியாது, அதனால் வெளியாட்களைத் தாராளமாக எடுக்கிறது. என் 31-ல் வெர்மான்ட் இல்லை. பெயர் கேள்விப்பட்டதில்லை என்று விட்டுவிட்டேன்.

இதெல்லாம் ரகசியமும் இல்லை. எம்.எஸ்.ஏ.ஆர். என்று மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே சின்னக் கட்டணத்துக்கு ஒரு தளம் வைத்திருக்கிறது. உள்மாநிலத்தார் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், வெளிமாநிலத்தார் எத்தனை பேர் என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் எண் இருக்கிறது. நான் அதில் பார்த்தது எம்கேட் மீடியனை, அதாவது நடு மதிப்பெண்ணை, மட்டும். அதையும் பார்த்துவிட்டு, 520-க்கு மேல் மீடியன் இருக்கும் என்.ஒய்.யூ.வை (நியூயார்க் பல்கலைக்கழகத்தை) சேர்த்தேன். 2018-லிருந்து அங்கே எல்லோருக்கும் டியூஷன், அதாவது படிப்புக் கட்டணம், கிடையாது. "இலவசமா இருக்கே, போட்டு வைப்போம்" என்றேன். நாட்டில் எத்தனை அப்பன்கள் அதே நேரத்தில் அதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

இன்னொன்று, கல்லூரியின் நோக்கம். ஹோவர்ட், மெஹாரி, மோர்ஹவுஸ் மூன்றும் கறுப்பின மக்களுக்கு மற்ற கதவுகள் மூடியிருந்த வரலாற்றிலிருந்து எழுந்த நிறுவனங்கள். அந்தச் சமூகங்களுக்கு உழைக்கும் மருத்துவர்களை உருவாக்குவது அவற்றின் பணி. லோமா லிண்டா ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் கல்லூரி, நம்பிக்கையும் வாழ்க்கைமுறையும் அங்கே முக்கியம். இவற்றில் இரண்டை வெறும் எண்ணிக்கைக்காக நான் போட்டிருந்தேன். படித்த மனிதன் செய்கிற வேலையா என்று இப்போது கூச்சமாக இருக்கிறது.

அடுத்த வருடம் பட்டியலை அவளே போட்டாள். என்னை டைனிங் டேபிளில் உட்கார வைத்து ஷீட்டைத் திருப்பிக் காட்டினாள். எம்கேட், ஜிபிஏ கட்டங்களுக்கு முன்னால் 'ஏன்' என்று ஒரு கட்டம்.

"இதுல ஒரு வரி எழுத முடியலன்னா அந்த ஸ்கூல் அவுட். நீங்களும் ஒண்ணு ட்ரை பண்ணுங்கப்பா" என்றாள்.

நான் பாஸ்டனில் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் இருந்தேன்.

"நல்ல ஸ்கூல்" என்று எழுதினேன்.

"எதுக்கு நல்ல ஸ்கூல்?"

"ரிசர்ச்."

"எனக்கு ரிசர்ச் எத்தனை மாசம் இருக்கு?"

இல்லை. ஒரு கோடைக்காலம் ஒரு லேபில் பைப்பெட் பிடித்தாள், அவளுக்கே பிடிக்கவில்லை. அந்த வரி சிவப்பானது. இதே நியூ ஜெர்சியில் கேம்டன் ஊரில் இருக்கும் கூப்பர் மெட் ஸ்கூலுக்கு அவள் எழுதியிருந்த 'ஏன்' நாலு வரிக்கு ஓடியது. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் அந்த ஊரில் ஓர் இலவச கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அங்கே வரும் பாட்டிமாருக்கு எந்த மாத்திரை கட்டுப்படியாகும், எந்தப் பஸ் எத்தனை மணிக்கு நின்றுபோகும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அத்தனை நாளும் அந்த சனிக்கிழமைகளை நான் 'ரெஸ்யூமேக்கு நல்லது' என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

கடைசியில் 17 எம்.டி. கல்லூரிகள், 3 டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகள். நியூ ஜெர்சியில் உள்ளவை எல்லாமே மேலே. பிலடெல்பியாவும் நியூயார்க்கும் அடுத்து. அதிலும் பத்தாயிரத்துக்கு மேல் விண்ணப்பம் குவியும் இடங்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டாள். கைக்கு எட்டாத ஆசைக்கு மூன்று. "அது உங்களுக்காகப்பா" என்றாள். ஜூன் முதல் வாரத்தில் விண்ணப்பம் போனது. செகண்டரி ஒவ்வொன்றையும் ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பினாள். ஐந்து நேர்காணல். இப்போது இதே மாநிலத்தில் முதலாண்டை முடிக்கப் போகிறாள். பட்டியல் மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய். நடுவில் ஓராண்டு ஸ்க்ரைப் அனுபவம் கூடியது, கட்டுரைகளும் பழுத்தன. ஆனால் அதே எம்கேட், அதே ஜிபிஏ.

டி.ஓ. பற்றி ஒரு வார்த்தை. உறவினர்களிடம் நான் பட்ட பாடு! "டி.ஓ.ன்னா முழு டாக்டரா, இல்ல நம்ம ஊர் பிசியோ மாதிரியா?" என்று கும்பகோணத்திலிருந்து பெரியப்பா கேட்டார். பரவாயில்லை, அவருக்கு எண்பது வயது. இங்கே முப்பது வருடமாக இருப்பவர்களும் அதே கேள்வியைக் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார்கள். முழு மருத்துவர்தான். அறுவை சிகிச்சையும் செய்யலாம், மருந்தும் எழுதலாம். இந்த நாட்டில் மருத்துவம் படிக்கும் மாணவர்களில் நாலில் ஒருவர் டி.ஓ. படிக்கிறார். 2020-லிருந்து, பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பெறும் ரெசிடென்ஸி பயிற்சிக்கும் இருவருக்கும் ஒரே அங்கீகார முறை. சில போட்டியான துறைகளில் எம்.டி.க்குக் கொஞ்சம் சாதகம் இருப்பது உண்மைதான். அதை யோசித்து முடிவெடுப்பது வேறு, கல்யாணப் பத்திரிகையில் எப்படிப் போடுவது என்று யோசித்து முடிவெடுப்பது வேறு.

பணம். தனியார் கல்லூரியில் நாலு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். இத்தனை நாள் மத்திய அரசின் கிராட் பிளஸ் கடன் முழுச் செலவையும் தாங்கியது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அது கிடையாது. மத்தியக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. மீதிக்கு வங்கிக் கடன்தான். ஆகவே நண்பரின் 38-ல் எத்தனை தனியார் என்று எண்ணச் சொன்னேன். அவர் எண்ணவில்லை, பேச்சை மாற்றினார்.

கடைசியாக விசா. இதை எழுதத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன். எங்களுக்கு கிரீன் கார்டு வந்தபோது மகளுக்குப் பதினெட்டு. தப்பித்தோம். என் அலுவலகத் தோழர் ஒருவரின் மகள் நாலு வயதில் இங்கே வந்தவள். தமிழைவிட ஆங்கிலம் சரளம், பள்ளி முழுக்க இங்கேதான். அப்பாவின் கிரீன் கார்டு வரிசை நகரவில்லை. 21 வயது முடிந்ததும், பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கான எச்-4 விசா போனது, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினாள். மெட் ஸ்கூல்களின் கண்ணில் அவள் வெளிநாட்டு மாணவிதான். பெரும்பாலான அரசுக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. எடுக்கும் தனியார் கல்லூரிகளிலும் சில, பல வருடக் கட்டணத்தை முன்கூட்டியே வைப்பாகக் கட்டச் சொல்கின்றன. மத்தியக் கடனும் கிடையாது. அவள் எம்கேட் 518, என் மகளைவிட ஆறு கூட. அவளுடைய பட்டியல் ஒரு பக்கத்தில் பாதியைத் தாண்டவில்லை.

அவள் அப்பா இதை அவள் கல்லூரி மூன்றாமாண்டு படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டார். எச்-4-ல் பிள்ளைகள் இருப்பவர்கள் தயவுசெய்து பள்ளி முடிக்கும்போதே ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் கல்லூரிகள் எவை என்பதும் எம்.எஸ்.ஏ.ஆர். தளத்திலேயே இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் விண்ணப்பிக்கும் முன் கல்லூரிக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

உள்பெட்டியில் பட்டியல் அனுப்ப விரும்புபவர்கள் அனுப்பலாம். மதிப்பெண்ணை அப்புறம் சொல்லலாம், முதலில் எந்த மாநிலம், என்ன விசா என்று எழுதுங்கள். பார்ப்பது நான் இல்லை, மகள்தான். வெள்ளிக்கிழமை வரை அவளுக்குப் பரீட்சை, அதற்கு முன் பதில் வராது. எடிசன் நண்பரின் ஷீட்டும் அவளிடம்தான் இருக்கிறது. "அங்கிள், உங்க பையன் இதைப் பாத்தானா?" என்று மட்டும் கேட்டு அனுப்பியிருக்கிறாள்.