அக்கா மகள் பைலட் ஆகப் போகிறேன் என்கிறாள்

போன வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தோம். இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் உறவுக்காரர் ஒருவர் அக்கா மகளைப் பார்த்து, "அடுத்து என்னம்மா படிக்கப் போற?" என்று கேட்டார். "பைலட் ஆகணும் தாத்தா" என்றாள். அவர் பக்கத்து இலைக்காரரைத் தட்டி, "கேட்டீங்களா, பிளேன் ஓட்டப் போவுதாம்" என்றார். பந்தி முழுக்கச் சிரிப்பு. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மகளோ ரசம் வாங்கி ஊற்றிக்கொண்டு அமைதியாகச் சாப்பிட்டு முடித்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இது நடந்திருந்தால் கையைக் கழுவிக்கொண்டு வேனுக்குள் போய் உட்கார்ந்து அழுதிருப்பாள். அந்தப் பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. மாமாவுக்கு, அதாவது அவள் அப்பாவுக்கு, திருச்சி அரியமங்கலத்தில் லேத் பட்டறை. மூன்று லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு ஹைட்ராலிக் பிரஸ். எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். சாயங்காலம் பூஜை முடிந்து நான் பொரிகடலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்தது. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு 141 பயணிகளோடு கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறாம். இறங்க முடியாமல் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறதாம். திருச்சிக்காரர்கள் யாரும் அந்த ராத்திரியை மறந்திருக்க மாட்டார்கள். வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு எங்கள் ஊரில் ஏது?

பட்டறை வாசலில் நின்று எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். அப்போது அவள் பத்தாவது. "ஏம்ப்பா சுத்திக்கிட்டே இருக்கு? இறங்கிட வேண்டியதுதானே?" என்று கேட்டாள். மாமா உள்ளே கூட்டிக்கொண்டு போய் பிரஸ் பக்கத்தில் நிறுத்தினார். அன்றைக்குத்தான் பொட்டு வைத்த மிஷின், பூஜை நாளில் ஓட்டக்கூடாது. அதனால் கையாலேயே காட்டினார். "இந்தா பாரு, இந்த ஹோஸ்ல ஆயில் பிரஷர்ல போகுது. அந்தப் பிரஷர்தான் இவ்வளவு பெரிய ராமை, இந்த இரும்புத் தண்டை, கீழ தள்ளுது. பிரஷர் இறங்கிட்டா அப்படியே நின்னுரும். பிளேன்லயும் சக்கரம், பிரேக்கு எல்லாத்துக்கும் இதே வேலைதான்." அவர் எட்டாவது வரை படித்தவர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவளுக்கு இப்படி ஒரு பாடம் நடந்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்துவிட்டு, எட்டேகால் மணி வாக்கில் விமானம் பத்திரமாக இறங்கியது. பட்டறையில் கைதட்டல், மறுபடி ஒரு சூடம். எங்களுக்கு அதோடு முடிந்தது. அவளுக்கு முடியவில்லை. கோளாறு என்றால் உடனே இறங்காமல் ஏன் சுற்றினார்கள் என்ற கேள்வி மிச்சமிருந்தது. மறுநாள் விஜயதசமி. பூஜையிலிருந்து புத்தகத்தை எடுத்ததும் அவள் முதலில் எழுதியது அதற்கான பதிலைத்தான். தூரப் பயணத்துக்கு நிரப்பிய எரிபொருளோடு விமானம் எடை கூடி இருக்கும். அந்த எடையோடு இறங்குவது ஆபத்து. அந்த வகை போயிங் 737-இல் எரிபொருளை நடுவானில் கொட்டிவிடும் வசதி கிடையாது. ஆகவே சுற்றிச் சுற்றி எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். இதோடு இன்னொரு செய்தியும் வந்தது. அந்த விமானத்தை ஓட்டிய இரண்டு பேரில் ஒருவர் பெண். அந்த வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தாள்.

அந்த நோட்டு இப்போது மூன்றாவது நோட்டாகிவிட்டது.

ஆசை வந்த கதை இவ்வளவுதான். இந்த ஆசை அவளை என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். அவள் கூச்சக்காரப் பிள்ளை. வீட்டுக்கு யாராவது வந்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். தமிழ் வழிப் படிப்பு, இங்கிலீஷ் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பைலட்டுக்கு இங்கிலீஷ் கட்டாயம், அதற்குத் தனிச் சோதனையே உண்டு என்று தெரிந்ததும் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அப்புறம் விமானிகளும் கண்ட்ரோல் டவரும் பேசுவதை யூடியூபில் கேட்க ஆரம்பித்தாள். அது மேடை இங்கிலீஷ் இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள், அளந்து வைத்த சொற்கள். எழுத்துகளுக்கெல்லாம் பெயர் உண்டு: ஆல்ஃபா, பிராவோ, சார்லி. திருச்சி விமான நிலையத்தின் நான்கெழுத்துக் குறியீட்டை விக்டர், ஆஸ்கர், டேங்கோ, ரோமியோ என்று சொல்லவேண்டும். அதைப் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லுவாள்.

அங்கே 'ரீட் பேக்' என்று ஒரு பழக்கம் இருக்கிறது. டவர் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். தப்பாகக் காதில் விழுந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். அக்கா "கால் கிலோ தக்காளி, பத்து ரூபாய்க்கு மல்லி, அப்படியே மாவு மில்லுல சொல்லிட்டு வா" என்றால், இவள் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். முன்பெல்லாம் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டுப் பாதியை மறந்துவிட்டு வருவாள். எதிராளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற பிள்ளையாக மாறிவிட்டாள். நாங்கள் எத்தனை வருஷம் திட்டியும் நடக்காதது இது.

பிளஸ் ஒன்னில் காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70-க்கு 31. அக்கா போன் பண்ணி அழுதாள். நான் போய்ப் பார்த்தபோது, அந்த விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோட்டில் மூன்று கட்டம் போட்டிருந்தாள். தெரியாமல் விட்டது, தெரிந்தும் அவசரத்தில் விட்டது, அலகு போடாமல் விட்டது. ஒவ்வொரு தப்பையும் எந்தக் கட்டத்தில் வரும் என்று பிரித்து எழுதிக்கொண்டிருந்தாள். "பிளேன்ல தப்பு நடந்தா மறைக்கக்கூடாது சித்தி, எழுதி வைக்கணும், அப்பதான் அடுத்த ஆளு தப்பிப்பாங்க" என்றாள். அரையாண்டில் 52. நான் மார்க்குக்காக இதைச் சொல்லவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை தன் தப்பைத் தானே உட்கார்ந்து எண்ணுகிற காட்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் வயதுக்காரர்களிடமும் அது அபூர்வம்தான்.

இயக்கவியல் பாடத்தில் சார்புத் திசைவேகம் வந்தபோது வகுப்பில் ஆறு, படகு என்று கணக்குப் போட்டார்களாம். இவள் அதே கணக்கை மொட்டை மாடியில் எனக்குக் காட்டினாள். இப்போது ஆடி மாதம், மேல்காற்று ஆளைத் தள்ளுகிறது. "பாருங்க சித்தி, பிளேன் எல்லாம் கிழக்கே இருந்து வந்து மேற்கே பார்த்து இறங்குது. காத்தை எதிர்த்துதான் இறங்கணும். அப்பதான் தரையைத் தொடுறப்போ வேகம் குறையும். மார்கழி, தையில வாடைக் காத்து மாறினா அந்தப் பக்கமா வரும்" என்றாள். நம் ஊர் ஓடுபாதையின் ஒரு முனைக்கு 27 என்றும் மறுமுனைக்கு 09 என்றும் பெயராம். மேற்கு 270 பாகை, கிழக்கு 90 பாகை, கடைசிச் சைபரை எடுத்துவிட்டால் ஓடுபாதையின் எண். நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். தலைக்கு மேல் போகிற விமானம் ஆடிக்கு ஒரு திசை, தைக்கு ஒரு திசை என்று இறங்குவதை அவள் சொல்லித்தான் கவனித்தேன்.

சரி, ஆசை நல்லது, பணம்? நான் வங்கியில் கல்விக் கடன் மேசையில் சில வருஷம் உட்கார்ந்தவள், அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். இந்தியாவில் படித்தாலே செலவு 50 லட்சத்தைத் தொடுகிறது. குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி, டைப் ரேட்டிங் என்பார்கள், அந்தச் செலவு அதற்கு மேல். கல்விக் கடன் கிடைக்கும், ஆனால் பொதுவாக 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்தை அடமானம் கேட்பார்கள். மாமாவிடம் இருப்பது வீடும் பட்டறையும். லைசென்ஸ் கையில் வந்த உடனே வேலை என்பதும் இல்லை. 2019-இல் ஜெட் ஏர்வேஸ் நின்றபோதும், 2023-இல் கோ ஃபர்ஸ்ட் நின்றபோதும், பறந்துகொண்டிருந்தவர்களே வேலை தேடினார்கள். விமானப்படை என்றால் செலவில்லை. என்டிஏ என்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமி இப்போது பெண்களுக்கும் திறந்திருக்கிறது. ஆனால் பறக்கும் பிரிவுக்குக் கண் விதிகள் மிகக் கடுமை. இவள் கண்ணாடி போட்டவள்.

கண்ணாடி போட்டால் பைலட்டே ஆக முடியாது என்று யாரோ சொல்லி இவள் ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அது தப்பு. பயணிகள் விமானத்துக்கு, கண்ணாடி போட்டு விதிக்குள் பார்வை சரியாக வந்தால் போதும். நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் பெரிய சிக்கல், அதைக் கண்ணாடி சரிசெய்யாது. அதனால் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நிறப் பார்வையைச் சோதிக்க, புள்ளிகளுக்கு நடுவில் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தை டாக்டர் திறந்தார். முதல் பக்கத்தில் 12. சொன்னாள். அடுத்தது, அதற்கடுத்தது. கடைசிப் பக்கம் திரும்பும்வரை என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்துவிட்டது. குறை எதுவும் இல்லை. வெளியே வந்து இரண்டு பேரும் கரும்புச் சாறு குடித்தோம்.

பெற்றோர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இந்த வரிசையைத்தான். முதலில் உடல் தகுதி, அப்புறம் பணம். உலகம் தலைகீழாகச் செய்கிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு பெரிய ஓட்டலில் பைலட் பயிற்சிக் கருத்தரங்கு என்று விளம்பரம் பார்த்துப் போனோம். திரையில் சீருடைப் படங்கள், வேலைக்கு உத்தரவாதம், இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி. மெடிக்கல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாமா சட்டைப் பையில் செக்கோடு வந்திருந்தார். "அவ கண்ணுல தண்ணி வர வேணாம்" என்பது மட்டும்தான் அவர் கணக்கு.

கதவுக்குப் பின்னால் ஒளியும் பிள்ளை அன்றைக்கு நூறு பேர் நடுவில் எழுந்து நின்றாள். குரல் நடுங்கியது, ஆனால் தமிழில் தெளிவாகக் கேட்டாள். "உங்ககிட்ட எத்தனை விமானம் பறக்குற நிலையில இருக்கு? எத்தனை பயிற்சியாளர்கள்? போன பேட்ச்ல 200 மணி நேரத்தை முடிக்க ஒருத்தருக்கு எத்தனை மாசம் ஆச்சு?" மேடையில் இருந்தவர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. மாமாவைப் பார்த்து, "சார், பொண்ணு ரொம்ப ஷார்ப்" என்றார். அவள் உட்காரவில்லை. அதே மூன்று கேள்வியை இன்னொரு முறை கேட்டாள். அப்புறம் "அப்பா, போலாம்" என்றாள். மாமா செக்கை இரண்டாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. பட்டறை வந்ததும் என்னிடம் மட்டும், "நான் மிஷின் வாங்கப் போனாக்கூட இப்படிக் கேட்க மாட்டேம்மா" என்றார்.

பயிற்சிப் பள்ளிகளை டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு, 2025 முதல் தரம் பிரித்துப் பட்டியல் வெளியிடுகிறது. முன்பணம் கேட்பவர்களிடம் போவதற்கு முன் அதைப் பாருங்கள். அரசு நடத்தும் அகாடமி உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்சில் இருக்கிறது. அங்கேயும் லட்சங்கள்தான், ஆனால் நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே போக வேண்டும். இன்னொன்று, இன்றைய விதிப்படி பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். பத்தாவது முடித்த கையோடு "பொம்பளப் பிள்ளைக்கு காமர்ஸ் போதும்" என்று குரூப் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். பதினைந்து வயதில் ஒரு கதவைச் சாத்திவிட்டோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. அப்படி மாட்டிக்கொண்ட பிள்ளைகள் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டு பாடத்தையும் எழுதலாம், யாரும் மனம் விட வேண்டாம்.

பந்தியில் சிரித்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1936-லேயே சரளா தக்ரால் புடவை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டியிருக்கிறார், அப்போது அவருக்கு 21 வயது. இன்றைக்கு இந்திய விமானிகளில் பெண்கள் ஏறக்குறைய 15 சதவீதம், உலகச் சராசரியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. ஓட்ட முடியுமா என்ற கேள்விக்குப் பதில் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. லேத் பட்டறைக்காரர் மகளுக்கு அந்தச் செலவைத் தாங்க வழி உண்டா என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, அவளிடமும் இல்லை. வழி கிடைக்கும்வரை பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டே விமானவியல் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன் என்கிறாள். அதை அவளே நோட்டில் போட்டு வைத்திருக்கிறாள், பக்கத்திலேயே செலவுக் கணக்கும்.

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் கிளாஸ் டூ மெடிக்கலுக்கு, அதாவது பைலட் ஆவதற்கான முதல் கட்ட உடல் தகுதிச் சோதனைக்கு, சென்னை போவதாகத் திட்டம். நேற்று மாமா பட்டறையில் கையைத் துடைத்துக்கொண்டே, "மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல மூணு டிக்கெட், கீழ் பெர்த் ஒண்ணு உங்கம்மாவுக்கு, ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் தனிக் கவர்ல, கண்ணாடி ரெண்டு ஜோடி" என்று அடுக்கினார். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். கண்ணாடியை மட்டும் விட்டுவிட்டாள். மாமா மறுபடி சொன்னார், மறுபடி சொன்னாள்.