விசில் ஊதுற பாடமா?

மனித அசைவியலை, அதாவது உடம்பு எப்படி அசைகிறது, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று அளந்து படிக்கும் பாடத்தை, விஞ்ஞான தொழினுட்பத் துறைகளின் பட்டியலில் சேர்ப்பதா என்று ஹட்டனில் நடந்த கூட்டத்தில் ஒரு பெரியவர் பேசியதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "மனித அசைவியல் விசில் ஊதுற பாடம், அதை எதுக்கு விஞ்ஞான தொழினுட்பத்தில் சேர்க்கணும்?" அதற்குக் கைதட்டல் வேறு.

சரி, விசில் ஊதாமல் ஒரு கணக்குப் போடுவோம். நிறுவைக்கு வரும் தேயிலைக் கொழுந்துச் சாக்கு 15 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து தூக்கும்போது அது இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு மூட்டிலிருந்து 50 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தால் திருப்பம், அதாவது அந்த மூட்டை முன்னால் வளைக்கப் பார்க்கும் தாக்கம், 73.5 நியூட்டன் மீற்றர். அதை எதிர்த்து இழுக்கும் முதுகுத் தசை மூட்டிலிருந்து சுமார் 5 சென்ரிமீற்றர் தள்ளித்தான் இருக்கிறது. ஆகவே 1,470 நியூட்டன் இழுக்க வேண்டும். கிட்டத்தட்ட 150 கிலோ எடை! குனிந்த உடம்பின் பாரத்தை இன்னும் சேர்க்கவேயில்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1991இல் திருத்திய சூத்திரப்படி, எல்லாம் தோதாக அமைந்தால்தான் 23 கிலோ தூக்கலாம். கை கணுக்காலிலிருந்து 25க்குப் பதிலாக 50 சென்ரிமீற்றர் முன்னால் தள்ளிப் போனாலே அது 11.5 கிலோ ஆகிவிடும். உடம்பைத் திருப்பித் தூக்கினால், அடிக்கடி தூக்கினால் இன்னும் இறங்கும். இது பௌதிகவியல் இல்லாமல் சமையலா?

"அளந்தால் விஞ்ஞானமாகிடுமா?" என்பார்கள். அளந்து பாருங்கள் ஐயா. கால் மிதிக்கும் விசையை அளக்கத் தரையில் பதித்த விசைத்தட்டின் விளிம்பில் கால் பட்டால் அந்த அடியைத் தள்ளிவிட வேண்டும். தட்டைக் குறிவைத்து மிதித்தால் நடையே மாறிவிடும். அசைவைக் கமராவில் பிடிக்கத் தொடையில் ஒட்டிய குறிப்பான் எலும்போடு போகாது, தோலோடு ஆடும். தசையின் மின் சைகை எடுக்க, முடி மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மின்வாயைத் தசை இழைகள் ஓடும் திசையில் ஒட்டணும். வியர்த்தால் கழன்றுவிடும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி இருக்கிறதே என்றால், இருக்கட்டும், வேண்டும். அங்கே பெரும்பாலும் நொந்த பிறகுதான் போகிறோம். நோகாத கூடையை, கத்தரியை, படிக்கட்டை யார் வடிவமைப்பது? சப்ரகமுவ பல்கலைக்கழகம் விளையாட்டு விஞ்ஞானத்தைப் பிரயோக விஞ்ஞான பீடத்தில் வைத்திருக்கிறது. அவர்களும் விசில்காரர்களோ?

வேலை கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. பட்டியலிலேயே இல்லாத துறைக்கு எவன் பதவி உருவாக்குவான்?

மலையில் ஏற்றம்தான் கஷ்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. பழக்கமில்லாதவனுக்கு வலி அன்றைக்கு வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். நம் அம்மாமார் நெற்றியில் கயிறு மாட்டி, முதுகில் கொழுந்தோடு தினமும் இறங்குகிறார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் "வயசு" என்று பனடோல் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். வயசாம்! நாற்பது தாண்டாதவர்களுக்கும் அதே பதில்தான்.

முதுகுவலிக்கெல்லாம் பட்டமா என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்கள். முதலில் அந்த 1,470 நியூட்டன் பிழை என்று காட்டிவிட்டு எழுதுங்கள்.