சித்தாங் பாலத்தில் தொலைந்த ஒரு வாரம்

மோல்மேனில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ரங்கூன் திரும்பும்போது பஸ் சித்தாங் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. பக்கத்தில் தம்பி மகன். யுத்த வீடியோ ஒன்று விடாமல் பார்ப்பவன். "பெரியப்பா, 1942 ஜனவரியிலேயே ஸ்லிம் இங்கே வந்திருந்தால் ரங்கூன் விழுந்திருக்காதுல்ல?" என்று கேட்டான். பஸ் இரைச்சலில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அப்போது பர்மா பிரிட்டிஷ்காரர் கையில் இருந்தது, கிழக்கிலிருந்து ஜப்பானியர் படையெடுத்து வந்துகொண்டிருந்தார்கள். ஸ்லிம் என்பவர், பின்னால் பர்மாவில் ஜப்பானியரைத் தோற்கடித்த பிரிட்டிஷ் தளபதி.

ஸ்லிம் வந்திருந்தாலும் அவர் கையையும் கட்டித்தான் போட்டிருப்பார்கள். மாறியிருக்க வேண்டியவர் களத்தில் நின்ற தளபதி இல்லை, ஜாவாவில் இருந்த தலைமைத் தளபதி வேவல். அந்த ஜனவரியில் பர்மாவின் பாதுகாப்பும் அவருடைய ஜாவா தலைமையகத்தின் கீழ் போனது. மலாயா, சிங்கப்பூர், டச்சுத் தீவுகள் எல்லாம் அவர் தலையில்தான். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரே விழுந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர், சித்தாங்குக்குக் கிழக்கே எந்த ஆற்றில் நின்று சண்டை போட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டிருந்தார்.

இங்கே பிரிட்டிஷ் பட்டாளத்தின் 17வது இந்திய டிவிஷனுக்குத் தலைமை ஸ்மித். முதல் உலகப் போரில் பிரிட்டிஷாரின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: சித்தாங்குக்கு மேற்கே போய்விடுகிறேன். மேற்குக் கரை முழுக்க அறுவடை முடிந்து காய்ந்த வயல்வெளி, டாங்குகள் ஓடத் தோதான தரை. டாங்குகள் கொண்ட 7வது கவசப் படையணியும் ரங்கூனுக்கு வந்துகொண்டிருந்தது, 21ஆம் தேதி இறங்கியது. பிப்ரவரி 12 அன்று கோவன் என்ற பிரிகேடியரை ரங்கூனுக்கு அனுப்பி, பர்மா படைத்தலைவர் ஹட்டனிடம் மன்றாடச் சொன்னார். ஹட்டன் சம்மதிக்கவில்லை. முடிந்தவரை முன்னாலேயே நின்று சண்டை போட வேண்டும் என்பதுதான் மேலிடத்தின் பிடிவாதம். சித்தாங்குக்குக் கிழக்கே இருக்கும் பிலின் ஆற்றில் அடிபட்டு, பின்வாங்க அனுமதி கிடைத்தபோது தேதி 19. சரியாக ஒரு வாரம்.

அந்த வாரத்துக்குள் ஜப்பானியர் காட்டுவழியாகச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். பாலம் ஜப்பானியர் கைக்குப் போகாமல் இருக்க 23ஆம் தேதி விடியற்காலை 5.30க்குப் பிரிட்டிஷ் தரப்பே அதைத் தகர்த்தபோது டிவிஷனில் பெரும்பகுதி கிழக்குக் கரையில் மாட்டிக்கொண்டது. மூங்கிலைக் கட்டி, பெட்ரோல் டின்னைப் பிடித்து, நீந்தி வந்தார்கள். நீச்சல் தெரியாத கூர்க்கா பையன்கள் எத்தனையோ பேர் அந்தச் செம்மண் தண்ணீரோடு போனார்கள். மிஞ்சிய காலாட்படை 3,484 பேர். அவர்களிடம் 1,420 துப்பாக்கிகள்.

ஹட்டனை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை. ரங்கூன் நிலைக்காது என்று முன்பே கணித்து, சரக்குகளை வடக்கே மண்டலே பக்கம் ஏற்றி அனுப்பியவர் அவர்தான். பின்னால் பட்டாளம் அதைச் சாப்பிட்டுத்தான் நடந்தது.

அந்த ஒரு வாரத்தைக் கொடுத்திருந்தால் ரங்கூன் பிழைத்திருக்குமா? பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் மார்ச் 8க்குப் பதில் இன்னும் சில வாரங்கள் தள்ளிப் போயிருக்கும். துறைமுகம் திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் நம் ஆட்களுக்குக் கப்பல் கிடைக்கும் நாள். 1931 கணக்குப்படி ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். மூட்டை தூக்கியவர்கள், மில்லில் நின்றவர்கள். பட்டாளம் பின்வாங்க வழியும் சோறும் யோசித்த எவரும் இவர்களுக்காக யோசிக்கவில்லை. ஐந்து லட்சம் பேர் அளவில் இந்தியா நோக்கிக் கிளம்பினார்கள். அதில் பெரும்பகுதி கால்நடையாக.

எங்கள் அப்பாயியும் அப்படி நடந்தவர்தான். ரங்கூன் பாசுண்டாங் அரிசி மில் லைன் வீட்டிலிருந்து, வடக்கே பிரோம் ஊருக்குப் போகும் பிரோம் ரோட்டில். இடுப்பில் மூத்த பிள்ளை, தலையில் அரிசி மூட்டை. பிரோம் வருவதற்கு முன்பே பிள்ளைக்குக் காலரா. காலையில் கண்டது, பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. முந்தானையைக் கிழித்துச் சுற்றி ரோட்டோரம் புதைத்துவிட்டு, தாத்தா இதற்கு மேல் ஒரு அடி நடக்க மாட்டேன் என்று திரும்பிவிட்டார். அதனால்தான் நாங்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறோம். அந்தப் பெரியப்பாவின் பெயரை எந்தப் பேரனுக்கும் வைக்க அப்பாயி கடைசிவரை விடவில்லை.

அப்புறம், தம்பி மகனுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1942இல் கெஞ்சப் போன அதே கோவன், 1944இல் அதே 17வது டிவிஷனுக்குத் தளபதி. எதிரே, சித்தாங்கில் மோதிய அதே ஜப்பானிய 33வது டிவிஷன். இந்த முறை மேலே ஸ்லிம். எதிரி வரட்டும், நமக்குத் தோதான இம்பால் சமவெளியில் வைத்து அடிக்கலாம் என்று டிவிஷனைப் பின்னுக்கு இழுத்தார். அப்போதும் உத்தரவு கொஞ்சம் தாமதம்தான், வழிநெடுகச் சண்டை. ஆனாலும் டிவிஷன் உருக்குலையாமல் வந்து சேர்ந்தது. ஸ்மித் கேட்டதும் இதையேதான். கேட்ட ஸ்மித்துக்கு 1942இல் வேலை போனது.

ரங்கூனுக்கு வடக்கே தௌக்யான் கல்லறைத் தோட்டத்துத் தூண்களில், கல்லறை கிடைக்காத சுமார் 27,000 போர்வீரர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போகும் பிரோம் ரோட்டில் அப்பாயி சொன்ன அடையாளம் ஒரு மைல்கல், பக்கத்தில் புளியமரம். அடுத்த மாதம் தம்பி மகனையும் கூட்டிக்கொண்டு போய்த் தேடலாம் என்று இருக்கிறேன்.