அடுத்தவர் வீட்டுக்கு விலை போடுகிறவர்களுக்கு

இரண்டு நாளாக அந்த ஸ்கிரீன்ஷாட் எல்லார் பக்கத்திலும் சுற்றுகிறது. பார்த்திருப்பீர்கள். சொத்து வரி ஏறிவிட்டதென்று ஓய்வுபெற்ற ஒரு மனிதர் வருத்தப்பட்டு எழுதினார். அதற்குக் கீழே ஒருவர், "ஒன்றரைக் கோடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு சில ஆயிரத்துக்கு அழுகிறீர்களே" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குத்தான் அத்தனை லைக். என் நண்பர்கள் சிலரும் சிரிப்பு ஸ்மைலி போட்டிருந்தார்கள். பேசாமல் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

ஒன்றரைக் கோடி என்று யார் சொன்னது? அந்த விலைக்கு அவர் வீட்டை யாராவது கேட்டு வந்தார்களா? வீடு விற்றால்தான் விலை. அதுவரை யார் எந்தத் தாளில் எழுதினாலும் அது அவர்கள் போட்ட மதிப்பு, அவ்வளவுதான்.

அதிலும் நம் ஊரில் சொத்து வரியைச் சந்தை விலையைப் பார்த்துப் போடுவதே இல்லை. கட்டடம் எத்தனை சதுர அடி, அந்தத் தெருவுக்கு மாநகராட்சி வைத்திருக்கும் அடிப்படை வீதம் எவ்வளவு, சொந்தக்காரரே குடியிருக்கிறாரா, வாடகைக்கு விட்டிருக்கிறாரா, இதையெல்லாம் வைத்து ஆண்டு மதிப்பு என்று ஒன்றைப் போடுகிறார்கள். வீடு என்ன வாடகைக்குப் போகும் என்பதற்கு அவர்களாக வைத்திருக்கும் கணக்கு அது. 2022 ஏப்ரலில் ஏற்றியபோதும் அளவைத்தான் பார்த்தார்கள். பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். இதில் விலை எங்கே வந்தது? தெரு முனையில் மேடாக இருக்கிற வீடும், அதே தெருக் கோடியில் மழை வந்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிற வீடும் ஒரே அளவென்றால் ஒரே வரி. விற்கப் போனால் இரண்டுக்கும் ஒரே விலை கிடைக்குமா?

1998க்குப் பிறகு சென்னையில் இருபது வருஷம் ஏற்றவே இல்லை, 2018இல் ஏற்றியதையும் அடுத்த வருஷமே நிறுத்தி வைத்தார்கள், அதனால்தான் மொத்தமாக ஏற்ற வேண்டி வந்தது என்பார்கள். சரி. அத்தனை வருஷம் ஏற்றாமல் விட்டது வீட்டுக்காரரா?

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவின் வீடு சென்னைப் புறநகரில், முடிச்சூரில். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது தண்ணீர் ஜன்னல் கம்பி வரை வந்தது. வடிந்த பிறகு சுவரில் ஒரு சேற்றுக் கோடு. பெயின்ட் அடித்த பிறகும் லேசாகத் தெரிந்தது. அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருந்த நேரம், வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை. பார்க்க வந்தவர்கள் யாரும் ஹாலைப் பார்க்கவில்லை, அந்தக் கோட்டைத்தான் பார்த்தார்கள். "இதுவரைக்குமா சார் வந்துச்சு?" என்று கையை வைத்துக் காட்டிக் கேட்பார்கள். அப்புறம் 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். விசாரித்துக்கொண்டிருந்தவர்களும் போய்விட்டார்கள். கடைசியில் 2017 ஆரம்பத்தில் வந்த விலைக்குக் கொடுத்தோம். அது வழிகாட்டி மதிப்பைவிட, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு ஒவ்வொரு தெருவுக்கும் போட்டு வைத்திருக்கும் மதிப்பைவிடக் குறைவு.

பத்திரப் பதிவுக்குப் போனால், "கைடுலைனுக்குக் கீழ போட்டா 47ஏ-க்கு அனுப்பணும்" என்றார்கள். 47ஏ என்பது முத்திரைச் சட்டத்தில் ஒரு பிரிவு. அதன்படி துணை ஆட்சியர் விலை சரியா என்று பார்த்து முடிவு சொல்லும்வரை பத்திரம் கையில் வராது. வாங்குகிறவர் பயந்துவிட்டார். வழிகாட்டி மதிப்புக்கே முத்திரைத் தீர்வை கட்டினார். கூடுதலாகக் கட்டியதை எங்கள் விலையில் கழித்துக்கொண்டார். அதோடு விட்டதா? அப்போது வருமான வரிச் சட்டத்தில் 50சி என்று ஒரு பிரிவு இருந்தது. வழிகாட்டி மதிப்புக்குக் கீழே விற்றால், அந்த மதிப்பே உங்கள் கைக்கு வந்ததாக வைத்து ஆதாயத்தைக் கணக்குப் போடுவார்கள். மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆடிட்டர், "அது இழுத்துக்கிட்டே போகும் சார், கட்டிடுங்க" என்றார். கட்டினோம். "நான் வாங்காத காசுக்கு எதுக்குடா வரி?" என்று அப்பா கேட்டார். என்ன பதில் சொல்வது?

அதே 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். வீடு கைமாறி சில மாதம்தான் ஆகியிருந்தது. போட்ட மதிப்பு அதிகம் என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதானே? எங்களிடம் வாங்கியதை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

உடனே ஒருவர் வருவார். "பெரும்பாலான இடங்களில் வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைவிடக் குறைவுதான், அதில் லாபம் பார்க்கிறவர்களே அதிகம்" என்பார். உண்மைதான், மறுக்கவில்லை. பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ரொக்கமாக ஒரு தொகை என்று நடப்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதில் மாட்டிக்கொள்கிறவர் யார்? சம்பளத்தை நம்பி வங்கிக் கடனில் வீடு வாங்குகிறவர். ரொக்கத்துக்கு அவர் எங்கே போவார்? நாளைக்குச் சாலைக்கோ ரயிலுக்கோ நிலம் எடுத்தால், 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி வழிகாட்டி மதிப்பையும் சுற்றுவட்டாரத்தில் மூன்று வருஷத்தில் பதிவான பத்திரங்களின் விலையையும் பார்த்துத்தான் இழப்பீடு போடுவார்கள். எல்லாரும் குறைத்துப் பதிந்த ஊரில் இரண்டுமே குறைவாகத்தான் இருக்கும். மதிப்பு கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி. இரண்டு அடியும் விழுவது வேறு வழியில்லாமல் விற்கிறவன் மேல், வேறு வழியில்லாமல் கொடுக்கிறவன் மேல்.

"அப்படியென்றால் வரியே கட்டமாட்டீர்களா, தெருவிளக்கு எப்படி எரியும்" என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நாங்கள் கெடு தப்பாமல் வரி கட்டுகிற குடும்பம்.

வழிகாட்டி மதிப்பு சந்தை மதிப்பை அறிய முதல்கட்ட அடிப்படை மட்டும்தான், அதுவே முடிவல்ல என்று 2003இல் டான்சி என்ற அரசு சிறுதொழில் நிறுவனத்தின் நில வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு இருக்கிறது, ஆனால் கவுன்டரில் யார் அதைக் கேட்கிறார்கள்? 2023இல் ஒரு சுற்றறிக்கையிலேயே வழிகாட்டி மதிப்பை 2017இல் குறைப்பதற்கு முன்பிருந்த அளவுக்கே ஏற்றினார்கள். கட்டுமான நிறுவனங்களின் சங்கம் உயர் நீதிமன்றம் போனது. மக்களிடம் கருத்துக் கேட்காமல் ஏற்றியது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். டயாலிசிஸ் நாற்காலியில் இருந்த என் அப்பா எந்த நீதிமன்றத்துக்குப் போயிருக்க முடியும்?

2020இல் 50சி-யில் 10 சதவீத வித்தியாசம் வரை விட்டுவிடலாம் என்று மாற்றினார்கள். வெள்ளம் புகுந்த வீட்டின் விலை 10 சதவீதத்தோடா நிற்கும்? முடிச்சூரில், வரதராஜபுரத்தில், வேளச்சேரியில் 2015க்கு அப்புறம் அவசரத்துக்கு வீடு விற்றவர்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் இங்கே டேக் செய்யுங்கள். தாளில் என்ன இருந்தது, கையில் என்ன வந்தது என்று அவர்களே எழுதட்டும்.